போகாமல் இருந்தவள்

கிரியாகூலாவைப் பற்றி எங்கள் நெயாபொலிப் பேட்டையில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "தங்கமான பொம்பள" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே குரலைத் தாழ்த்தி, "அந்தக் கிழவி விஷயம் தெரியும்ல?" என்பார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது சில பேருக்கு முகத்தில் ஒரு ருசியே வந்துவிடும். அந்த வாய்களில் மண் விழ! அவர்களில் ஒருத்தர்கூட அந்த மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனதில்லை. அவள்தான் ஏறினாள், வருஷக்கணக்காக.

செரெஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி எங்கள் தெசலோனிகி நகரத்துக்கு வந்தவள். முதலில் சட்டை தைக்கும் ஃபாக்டரியில் காலர் வைத்தாள். முதலாளி ஒரு நாள் மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, கூலி மலிவு என்று எல்லை தாண்டி பல்கேரியாவுக்குப் போய்விட்டான். பிறகு நகராட்சியில் ஒரு வேலை கிடைத்தது. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சூப் வைத்து, குப்பையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஐரோப்பாக்காரன் பணம் தரும் வரைக்கும் நகராட்சி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. நாட்டில் பண நெருக்கடி வந்ததும் அது நின்றது. ஆனால் முதியவர்களுக்குப் பசி நிற்குமா? மாதக் கணக்கில் சம்பளம் இல்லாமலே இந்தப் பெண்கள் மாடி ஏறினார்கள். கேட்டால் துணை மேயர் கலாஃபாதிஸ் நெஞ்சில் கை வைத்து, "நீங்க தேவதைங்கம்மா" என்பார். தேவதைகளுக்கு வாடகை கிடையாது என்று நினைத்தார் போல.

அவளுடைய புருஷன் ஸாஃபிரிஸ் கட்டட வேலைக்காரன். கட்டடம் கட்டுவதே ஊரில் நின்றுபோனதால், சதுக்கத்தில் கூடும் மக்கள் சபையில் தினமும் பேசினான். நன்றாகவே பேசுவான். "அதிகாரம் யார் கையில்?" என்று அவன் கையை உயர்த்தும்போது, பின்னால் நின்று பெரிய அண்டாவில் பயறு கிண்டிக்கொண்டிருப்பாள் கிரியாகூலா. ஒரு நாள் கரண்டியோடு கத்தினாள்: "அதிகாரம் யார் கையிலயோ, அண்டா என் கையில இருக்கு. தட்டைக் கழுவி வைச்சுட்டு மிச்சத்தைப் பேசு!" சபை முழுக்கச் சிரித்தது. ஸாஃபிரிஸும் சிரித்தான். தட்டு மட்டும் அப்படியே கிடந்தது.

அவள் பார்த்துக்கொண்ட முதியவர்களில் அவளுக்கு ரொம்ப ஒட்டுதலானவள் பொலிக்ஸேனி. எண்பதைத் தாண்டிய கட்டை. சின்ன வயதில் புகையிலைக் கிட்டங்கியில் இலை தரம் பிரித்தவள். அந்தக் காலத்துப் பெரிய வேலைநிறுத்தங்களில் போலீஸ் குதிரைக்கு முன்னால் நின்றவள். பிள்ளை இல்லை. நாக்கு மட்டும் இருந்தது, அதுவும் கூர் மழுங்காமல்.

ஜனவரியில் பெண்கள் வேலைநிறுத்தம் என்று முடிவு செய்தபோது, அதைச் சொல்லவே கிரியாகூலாவுக்கு வாய் வரவில்லை. பொலிக்ஸேனியின் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி மென்று விழுங்கினாள்.

"பொலிக்ஸேனியம்மா, நாளையிலிருந்து நாங்க நகராட்சி ஆபீஸ்ல உக்காரப்போறோம். ஆனா நான் சாயங்காலமா சத்தமில்லாம வந்து ஒரு எட்டு..."

"வந்தே, காலை ஒடிச்சிருவேன்."

"ஐயோ, இல்ல, சூப் மட்டும் வைச்சுட்டு..."

"அடி கிறுக்கி! வேலைநிறுத்தம்னா என்னன்னு நெனச்சே? முன்வாசல்ல கோஷம் போட்டுட்டுப் பின்வாசல்ல போய் வேலை செய்யறதா? அதுக்குப் பேரு ஸ்ட்ரைக் இல்ல, ஓவர்டைம். நீ வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன்."

"சாவி என்கிட்ட இருக்கே."

"உள்ள சங்கிலி போட்டுக்குவேன். ரொட்டி இருக்கு, ஆலிவ் இருக்கு, நான் பஞ்சத்தையே பார்த்தவ. போ, போய் அவனுங்க கண்ணுல விரலை விட்டு ஆட்டு."

அந்த வார்த்தை கிரியாகூலாவுக்கு நிமிர்வைக் கொடுத்தது. உட்கார்ந்த இடத்தில் மற்றவர்களிடம் அவள்தான் ஓங்கிச் சொன்னாள்: "ஒருத்தரும் போகக் கூடாது. நாம போய்க்கிட்டே இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு நம்ம அருமை தெரியாது." எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுடைய சிநேகிதி மாலமாதிதான் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினாள். ஆட்டிவிட்டு, "சிகரெட் வாங்கிட்டு வர்றேன்" என்று வெளியே போவாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பும்போது அவள் மேல் சிகரெட் வாசனை அடிக்காது. தரை கழுவும் மருந்து வாசனைதான் அடிக்கும். கிரியாகூலா அதை மோந்தாள், கேட்கவில்லை. தான் சொன்ன சொல்லில் தான் நின்றால் போதும் என்று இருந்துவிட்டாள்.

பேச்சுவார்த்தை, வாக்குறுதி, அது இது என்று ஒரு வழியாக வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் காலை அவள் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். சாவியைப் போட்டாள். கதவு திறந்தது. சங்கிலி போட்டிருக்கவில்லை.

பொலிக்ஸேனி தாழ்வாரத்தில், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒட்டித் தரையில் கிடந்தாள். கையில் காபி கிண்டும் சின்னப் பித்தளைக் குவளை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அந்த வருஷம் ஹீட்டிங் எண்ணெய் வாங்கவே இல்லை. வாங்க வக்கில்லை என்று குடியிருந்தவர்கள் கூடித் தீர்மானம் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் ஆறுதலாகச் சொன்னார்கள்: "காபி போடப் போனப்ப விழுந்திருக்கா. கையில குவளையோட போயிட்டா, கொடுத்து வைச்சவ."

புதைத்துவிட்டு வரும்போது கல்லறை வாசலிலேயே மாலமாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"கூலா, என்னை மன்னிச்சிரு. நான் தினமும் போனேன்டி. என் ஆளுங்க எல்லார் வீட்டுக்கும் போனேன். நான் மட்டும் இல்ல, எல்லாரும் போனாங்க."

"எல்லாருமா?"

"உன்னைத் தவிர எல்லாரும். உனக்குப் பயந்துதான் சொல்லல."

கிரியாகூலா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் நகராட்சிச் சபையில் கலாஃபாதிஸ் பேசியதையும் யாரோ வந்து சொன்னார்கள். வேலைநிறுத்தத்தால் சேவை ஒன்றும் பாதிக்கப்படவில்லையாம், நம் பெண்களுக்கு இதயம் இருக்கிறதாம். காண்டிராக்டை இரண்டு மாதம் நீட்டினார்கள். சம்பளம் பழையபடி பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

இதுவரைக்கும் நடந்தது துக்கம். துக்கத்தை மனுஷி தாங்கிக்கொள்வாள். அவளைப் பிடித்து ஆட்டியது நாற்பதாம் நாள் தெரிய வந்தது.

சொந்தம் யாரும் இல்லாததால் நாற்பதாம் நாள் சடங்குக்குக் கிரியாகூலாவே கோதுமையை அவித்தாள். மாதுளை முத்தும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரையைப் பரப்பி, கோயிலுக்கு எடுத்துப் போனாள். பாதிரியார் மந்திரம் சொல்லி முடித்ததும் பக்கத்துக் கூடத்தில் காபியும் பிராந்தியும் கொடுத்தார்கள். பொலிக்ஸேனியின் கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரி சுல்தானா வந்திருந்தாள். வெள்ளந்தி. வாய் ஓயாது. கோதுமையை மென்றுகொண்டே பேச்சு குளிரைப் பற்றித் திரும்பியது.

"என்ன குளிர், என்ன குளிர்! அந்த வாரம் எங்க கட்டடத்துல ஒரே கலாட்டா, கேக்கணுமே. மத்தியானத்திலிருந்து யாரோ ரேடியேட்டரை டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டே இருந்தாங்க."

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கட்டடத்தில் ஹீட்டிங் வரவில்லை என்றால் ரேடியேட்டரில் கரண்டியால் தட்டுவோம். குழாய் வழியாகச் சத்தம் மேலும் கீழும் ஓடும், கட்டடப் பொறுப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வருவார்.

"யாரோ ஹீட்டிங் கேக்கறாங்கன்னு எனக்கு ஒரே குஷி," என்றாள் சுல்தானா. "எண்ணெய் வாங்கலைன்னாலும் பொறுப்பாளருக்கு உறைக்கட்டும்னு நானும் அகப்பையை எடுத்துத் தட்டினேன். மேல அவங்க தட்ட, கீழ நான் தட்ட, அப்புறம் நாலாவது மாடி, அஞ்சாவது மாடி, கட்டடமே சேர்ந்துக்கிச்சு. நாங்க தட்டத் தட்ட அவங்களும் விடாம தட்டினாங்க. என் வீட்டுக்காரர் பாட்டே பாடினாரு. அப்புறம் மறுநாள் காலையில கொஞ்சம் கொஞ்சமா..."

அங்கே நிறுத்தினாள். கையிலிருந்த கோதுமை காகிதத்தோடு மடியில் சரிந்தது.

நாலாவது மாடிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பித்தளைக் குவளையின் வாய் நசுங்கி இருந்ததைக் கிரியாகூலா அன்றைக்கே பார்த்திருந்தாள். பழைய குவளை, அதனால் நசுங்கியிருக்கிறது என்று நினைத்திருந்தாள். அடுப்பு ஒரு பக்கம், ரேடியேட்டர் ஒரு பக்கம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. விழுந்தவள் இழுத்து இழுத்து அங்கே வந்திருக்கிறாள். அவள் உதவிக்குத் தட்டினாள். கட்டடம் முழுவதும் அவளுக்கு உற்சாகமாகப் பதில் தட்டியது.

"சத்தியமா எனக்குத் தெரியாது, கூலா," என்று சுல்தானா விசும்பினாள். "ஹீட்டிங்னுதான்... எல்லாரும் ஹீட்டிங்னுதான்..."

"தெரியாதுதான்," என்றாள் கிரியாகூலா.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பட்டப்பகலில், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பவள் சட்டென்று நிமிர்வாள். அவர்கள் வீட்டு ரேடியேட்டரும் அந்த வருஷம் காலிதான். அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஜில்லென்று இருக்கும், சும்மா இருக்கும். கையை எடுத்ததும் மறுபடி அந்தத் தட்டும் சத்தம் கேட்கும். ஸாஃபிரிஸ் காபியில் ஸ்பூனை விட்டுக் கலக்கினால் அவன் கையைத் தட்டிவிடுவாள். "என்னடி இது, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று ஒரு தடவை கத்தினான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு மரக்கரண்டியால் கலக்கப் பழகிக்கொண்டான். அவன் சத்தம் போடாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது மாடியில் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. அப்படியும் அவள் கால்கள் ஏறிவிடும். மணியில் விரலை வைக்கப்போகும்போதுதான் நினைவு வரும். ஒரு முறை அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றாள். கிரியாகூலா, "மாடி மாறி வந்துட்டேன்" என்று இறங்கினாள். வருஷக்கணக்காக ஏறிய மாடி! பொலிக்ஸேனி மேல் அவளுக்குக் கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வராதே என்று சொன்னவள் நீதானே, சங்கிலி போடுவேன் என்றவள் நீதானே, ஏன் போடவில்லை? நான் வருவேன் என்று நினைத்தாயா? இதை அவள் வாய்விட்டே கேட்டுக்கொண்டு தெருவில் போவாள். ரொட்டிக் கடைக்காரி பார்த்து சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. காண்டிராக்ட் இரண்டிரண்டு மாதமாக நீண்டது, சம்பளம் மட்டும் வரவில்லை. ஊர் முழுக்க விறகுப் புகை. கண்டதையும் எரித்தார்கள், பழைய பலகை, வார்னிஷ் பூசிய கதவு. பெண்கள் சங்க அறையில் கூடினார்கள். மறுபடி வேலைநிறுத்தம் என்றதும் எல்லோரும் கிரியாகூலாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

மாலமாதி உடைத்துப் பேசினாள்: "சும்மா நடிக்காதீங்க. பண்ணுவோம், சரி. சாயங்காலம் ஆளுக்கொரு பொய் சொல்லிட்டுக் கிளம்பிருவோம். அந்தக் கலாஃபாதிஸுக்கும் அது தெரியும். அதனாலதான் அவன் பாட்டுக்கு இருக்கான்."

"போகாம இருந்தா?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிரியாகூலா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது மெதுவாகச் சொன்னாள்: "இந்தத் தடவை அவங்களை வீட்டுல விடவேண்டாம். கூட்டிட்டுப் போயி நகராட்சி ஆபீஸ்ல உக்கார வைப்போம். அங்க ஹீட்டிங் இருக்கு. அவங்க நகராட்சியோட பொறுப்பு தானே? ஒப்படைச்சுட்டு வெளிய வந்துருவோம்."

ஸாஃபிரிஸ் கதவோரம் நின்றிருந்தான். "பெரியவங்களை வைச்சு அரசியல் பண்ணறதா? நல்லா இருக்காது, கூலா."

"இவ்ளோ நாளா எங்களை வைச்சுப் பண்ணினாங்களே, அது நல்லா இருந்துச்சா?" என்றாள் மாலமாதி. "நீ கார் ஓட்டறியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவன் கார் ஓட்டினான்.

முதியவர்களிடம் கேட்டுத்தான் செய்தார்கள். வர மாட்டேன் என்றவர்களையும் எழ முடியாதவர்களையும் வழக்கம்போல வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று வெளிப்படையாகவே முடிவு. மற்றவர்கள் கிளம்பியதைப் பார்க்கவேண்டுமே! முன்னாள் பஸ் கண்டக்டர் பான்டெலிஸ் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அங்க காபி கொடுப்பாங்களா?" என்றார். "தெரியாது பெரியவரே" என்றாள் கிரியாகூலா. "பரவாயில்ல, மேயர் நாற்காலியில ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன். வரி கட்டினேன்ல?"

டாக்ஸி, மீன்காரரின் வேன், சக்கர நாற்காலி என்று எல்லாம் சேர்ந்து மத்தியானத்துக்குள் நகராட்சியின் முதல் மாடிக் கூடம் நிறைந்துவிட்டது. கலாஃபாதிஸ் முதலில் பூரித்துப்போனார். குனிந்து குனிந்து கை கொடுத்தார், மிட்டாய் வரவழைத்தார், போட்டோ எடுக்கச் சொன்னார். பெண்கள் கோட்டை மாட்டத் தொடங்கியதும்தான் சிரிப்பு குறைந்தது.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"வேலைநிறுத்தம், ஐயா," என்றாள் மாலமாதி. "இவங்களை உங்ககிட்ட விட்டுட்டுப் போறோம். சம்பளம் வந்ததும் வந்து கூட்டிட்டுப் போறோம்."

"போக மாட்டீங்க." அவர் உண்மையிலேயே சிரித்தார். "எனக்கு உங்களைத் தெரியாதா? ரெண்டு படி இறங்கினதும் திரும்பி வந்துருவீங்க. உங்களால முடியாது. போன வருஷம் ஒருத்தி போகாம இருந்து பார்த்தா. என்ன ஆச்சுன்னு அவளையே கேளுங்க."

பாவி, கிரியாகூலாவின் கண்ணைப் பார்த்தே சொன்னான். கூடத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி கோட்டுப் பொத்தானைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள். கிரியாகூலா வெளுத்துப்போனாள். பான்டெலிஸின் மடியில் போர்வையைச் சரிசெய்தாள். திரும்பினாள், படியில் இறங்கினாள். அவள் இறங்கியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இறங்கினார்கள்.

வாசல் படிகளில் உட்கார்ந்தார்கள். மணி மூன்றடித்ததும் அலுவலகப் பெண்கள் கைப்பையோடு வெளியே வந்தார்கள். "பெரியவங்களைப் பார்த்துக்கன்னு எங்ககிட்ட சொன்னாரு," என்றாள் ஒருத்தி. "எங்க நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டோம்." ஆண் குமாஸ்தாக்கள் பின்கதவு வழியாக எப்போதோ போயிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேல் ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

"யாராச்சும் இருக்கீங்களா? எனக்கு ஒண்ணுக்குப் போகணும்!"

பான்டெலிஸ்தான். எல்லோருக்கும் அது பான்டெலிஸின் குரல். கிரியாகூலாவுக்கு மட்டும் அது வேறு இடத்திலிருந்து வந்தது. தாழ்வாரத் தரையில் முகம் வைத்துக் கிடப்பவளிடமிருந்து வந்தது. எழுந்து நின்றுவிட்டாள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மாலமாதி அவளைத் தடுக்கவில்லை. "போகணும்னா போ, கூலா. நாங்க யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்."

அப்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதிலிருந்து நல்ல கோட்டுப் போட்ட ஒரு அம்மாள், துணியில் கட்டிய பெரிய பாத்திரத்தோடு இறங்கினாள். கலாஃபாதிஸின் மனைவி ரொடாந்தி.

"இங்க என்ன நடக்குது?" என்றாள் மூச்சிரைக்க. "இவரு போன் பண்ணி, 'உடனே வா, பெரியவங்க நிறைய பேரு இருக்காங்க, சூப் எடுத்துட்டு வா, ஒருத்தரைக் கழிவறைக்குக் கூட்டிட்டுப் போகணும்'னாரு. ஏன், இவருக்குக் கையில்லையா?"

"அதைத்தான்மா நாங்களும் கேக்கறோம்," என்றாள் மாலமாதி.

ரொடாந்தி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். மேலே ஜன்னலைப் பார்த்தாள். "எங்க மாமியாரு படுக்கையில கிடந்தாங்க, நாலு வருஷம்," என்றாள். "இவரு வாசல்ல நின்னு, 'அம்மா எப்படி இருக்காங்க?'ன்னு என்னைக் கேப்பாரு. அறைக்குள்ள வந்ததில்ல." பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாத்திரத்தை மடியில் வைத்து, அவர்களுக்கு நடுவே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாராச்சும் இருக்கீங்களா?" மேலிருந்து மறுபடி. இந்த முறை குரல் உடைந்தது.

யாரும் அசையவில்லை. போ, போ என்று கிரியாகூலாவின் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. போனால் நாளைக்கும் இப்படித்தான், அடுத்த வருஷமும் இப்படித்தான், யாரோ ஒருத்தி தரையில் கிடந்து தட்டிக்கொண்டேதான் இருப்பாள். போகாவிட்டால், மேலே அந்த மனுஷன் தனியாக எழுந்து விழுந்தால்? அவள் கம்பியை விடவில்லை. இத்தனைக்கும் அவள் கடவுளை நம்புகிறவள். அன்றைக்கு அவளுக்குப் பிரார்த்தனைகூட வரவில்லை.

மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம். அவசரமான காலடி. பிறகு ஓர் ஆணின் குரல், எரிச்சலோடு, பயத்தோடு:

"வர்றேன், வர்றேன், பெரியவரே... எழுந்திரிக்காதீங்க, நான் வர்றேன்!"

"மெதுவாப் பிடிப்பா, நான் ஃபைல் இல்ல!" என்றார் பான்டெலிஸ்.

படியில் இருந்த பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். ரொடாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கிரியாகூலா மட்டும் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னடி இது? ஜெயிச்சுட்டோம், கூலா!" என்று மாலமாதி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவளையும் இப்படித் தூக்கிட்டு வந்திருக்கலாமேடி," என்றாள் கிரியாகூலா. "மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டா. முதல் ஆளா வந்திருப்பா. எனக்கு ஏன் அன்னிக்குத் தோணல?"

மாலமாதி அவளைப் படியில் உட்கார வைத்து, தன் சால்வையை எடுத்து அவள் மேல் போர்த்தினாள்.